கடற்காற்றில் 7 வருடம்: அலுமினிய எயார் ரைபிளுடன் என் அனுபவம்

எங்கள் துவக்குச் சுடும் கழகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதுதான்: "அக்கா, மரம் நல்லதா, அலுமினியம் நல்லதா?" நான் 4 வருடம் மரத்தில் சுட்டேன். பிறகு 7 வருடமாக அலுமினியத்தில் சுடுகிறேன். கொழும்பில் இருப்பவர்களுக்கு என் பதில் அலுமினியம்தான். ஆனால் எந்த அலுமினியம், அதை எப்படிப் பூட்டுவது என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தப் பதில் அரைகுறைதான்.

மரத்தை ஏன் விட்டேன் என்று முதலில் சொல்கிறேன். வால்நட் மரக் கட்டை (தோளிலும் கையிலும் தாங்கிப் பிடிக்கும் பாகம்) கொண்ட அந்தப் பழைய ஜேர்மன் துவக்கு கைக்கு அவ்வளவு இதம். கன்னத்தை வைத்தால் எடுக்க மனம் வராது. ஆனால் மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் மரம் ஈரத்தைக் குடிக்கத் தொடங்கிவிடும். மார்ச்சில் அளவாக இறுக்கிய ஆணிகள் ஜூனில் அளவுக்கு மீறி இறுகி நிற்கும், சூடு விழும் இடம் மாறும். 10 மீற்றர் இலக்கில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு பொட்டு. நாம் சுடும் பெலட்டே, அதாவது சின்ன ஈயக் குண்டே, 4.5 மில்லிமீற்றர். கட்டை ஒரு மயிரிழை அசைந்தால் போதும், 10.6 புள்ளி என்று நம்பி விட்ட சூடு 9.8இல் கிடக்கும். பிழை என் மூச்சிலா, மரத்திலா என்று தெரியாமல் ஒரு பருவம் முழுக்க அலைந்திருக்கிறேன்.

இப்போது என் கையில் இருப்பதில் கட்டையும் அலுமினியம், ரிசீவரும் அலுமினியம். குழலும் வால்வும் விசைப் பொறியும் வந்து சேரும் நடு உடலைத்தான் ரிசீவர் என்கிறோம். இங்கே வெடிமருந்து கிடையாது. உருளையில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்று ரெகுலேற்றரில் குறைந்து வந்து, அரைக் கிராம் அளவுள்ள பெலட்டை செக்கனுக்கு 170 மீற்றர் அளவில் தள்ளுகிறது. அதற்கு அலுமினிய உடல் தாராளமாகப் போதும். குழல் மட்டும் உருக்கு. துவக்கு கழகத்தின் பெயரில், கழகத்தின் இரும்பு அறையில்தான் இருக்கும். அதன் உடலைத் திறப்பது அங்கே இருக்கும் பயிற்றுநர் முன்னிலையில் மட்டும். கன்னத் தாங்கி, அதன் தண்டு, தோள் தகடு போன்ற சில்லறைப் பாகங்களை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டு வருவேன்.

அந்தத் தண்டில்தான் கதை தொடங்கியது. கன்னத் தாங்கியைப் பிடிக்கும் தண்டு எனக்குக் கொஞ்சம் நீளமாக வேண்டியிருந்தது. இணையத்தில் ஒரு விற்பனையாளர் "7075-டி6, ஒரே கட்டியில் கடைந்தது" என்று போட்டிருந்தார். 7075 என்பது வலிமை கூடிய ஓர் அலுமினியக் கலவையின் இலக்கம். விலையும் அதற்கேற்ற விலை. வந்த பாகம் கறுப்பாக, மினுமினுப்பாக இருந்தது. ஆனால் மினுமினுப்பு ஒன்றையும் சொல்லாது. நான் முதலில் பார்ப்பது உட்பக்கத்தை. கடைந்த பாகம் என்றால் குழிகளின் அடியில் கத்தி ஓடிய மெல்லிய வளையங்கள் தெரியும். வார்த்த பாகம் என்றால் மேற்பரப்பு சொரசொரவென்று, அச்சு இரண்டும் பொருந்திய கோடு எங்கேயாவது ஒளிந்திருக்கும். அடுத்தது பூச்சு. அனோடைஸ் என்பது மேலே தடவுவது அல்ல, அலுமினியமே ஒட்சைட்டாக மாறிய தோல். அதனால் மூலைகள் கூராகவே இருக்கும், மரையின் வாயில் தடிப்புச் சேராது. பவுடர் கோட்டிங் (மேலே படியவைத்துச் சுட்ட பொடிப் பெயின்ற்) என்றால் மூலை மழுங்கி, துளையின் விளிம்பில் மெழுகு வழிந்ததுபோல் நிற்கும். மல்டிமீற்றரின் இரண்டு முனைகளையும் வைத்தால் நல்ல அனோடைஸ் மின்னைக் கடத்தாது. பெயின்ற்றும்தான் கடத்தாது, ஆகவே இந்தச் சோதனை பூச்சே இல்லாத பாகத்தை மட்டும் காட்டிக் கொடுக்கும்.

என் தண்டு கடைந்தது என்பது உண்மை. பூச்சு பவுடர் கோட்டிங். அப்போதே மனம் உறுத்தியது. ஆனால் 7075ஆ, அதைவிட வலிமை குறைந்த 6061 என்ற கலவையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. இரண்டும் ஒரே வெள்ளைதான்.

செட்டியார் தெருவில் நகைக் கடை வைத்திருக்கும் மாமா ஒருவர் நினைவுக்கு வந்தார். பூச்சைச் சுரண்டி, ஆணிகளைக் கழற்றி, அந்தத் தண்டையும் கழகத்தில் கிடந்த, 7075 என்று உறுதியாகத் தெரிந்த துண்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். மாமா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கேட்டார், "என்ன பிள்ளை, இது வெள்ளியும் இல்லையே?" விடயத்தைச் சொன்னதும் சிரித்தார். "தங்கத்துக்குச் செய்யிறதைத்தானே இதுக்கும் செய்யப்போறம்."

முதலில் கழகத்துத் துண்டு. காற்றில் 108.0 கிராம். பிறகு மெல்லிய நூலில் கட்டி, தராசின் கொக்கியில் தொங்கவிட்டு, கண்ணாடிக் கோப்பைத் தண்ணீருக்குள் இறக்கினார். துளைகளில் காற்றுக் குமிழ்கள் ஒட்டியிருந்தன. அவை போகும்வரை நூலை விரலால் சுண்டிக்கொண்டே இருந்தார். முள் 69.6இல் நின்றது. வித்தியாசம் 38.4. காற்றில் இருந்த நிறையை அந்த வித்தியாசத்தால் வகுத்தால் 2.81. அது 7075இன் அடர்த்தி. அடுத்து என் புதுத் தண்டு: காற்றில் 103.2, தண்ணீரில் 65.0. வகுத்தால் 2.70. அது 6061. மாமா கல்குலேற்றரைத் திருப்பி என்னிடம் காட்டினார். "காசைத் திருப்பிக் கேள் பிள்ளை" என்றார்.

கேட்டேன். பாதிதான் வந்தது. இல்லாததை இருப்பதாகச் சொல்லி விற்றது எனக்கு இன்றும் ஆத்திரம்தான். ஆனால் தண்டை நான் திருப்பி அனுப்பவில்லை, அதற்குக் காரணம் உண்டு. 7075இன் இழுவலிமை 570 மெகாபாஸ்கல் அளவு, 6061க்கு 310 அளவு. கேட்டால் பெரிய வித்தியாசம். ஆனால் கன்னத்தைத் தாங்கும் தண்டுக்கு அவ்வளவு வலிமை எதற்கு? 7075இல் துத்தநாகத்தோடு செம்பும் ஒன்றரை வீதம் அளவில் கலந்திருக்கிறது. உப்புக் காற்றில் அரிப்புக்கு வழிவிடுவதில் அந்தச் செம்புக்குப் பெரிய பங்கு உண்டு. வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல். எங்கள் ஜன்னல் கம்பியைத் தொட்டாலே விரலில் பிசுபிசுக்கும். இந்த ஊருக்கு 6061 நன்றாகவே தாங்கும். பாரம் ஏறும் ரிசீவருக்கு 7075 எடுங்கள், அதுவும் தடித்த ஹார்ட் அனோடைஸோடு. தொங்கும் பாகங்களுக்கு 6061 போதும், அதற்குமேல் காசு கொடுக்காதீர்கள்.

பூட்டும்போது அடுத்த சிக்கல். தண்டைப் போட்டு ஆணியை இறுக்கினால் கன்னத் தாங்கி ஒரு பக்கம் சாய்ந்தது. இன்னும் இறுக்கினால் சரியாகிவிடும் என்று பலர் நினைப்பார்கள். அப்படிச் செய்தால் கட்டையே முறுகும். பயிற்றுநர் சேர் ஒரு நீல மைக் குப்பியைக் கொண்டுவந்தார். தண்டு உட்காரும் இடத்தில் மிக மெல்லியதாகத் தடவி, தண்டை வைத்து அழுத்தி எடுத்தோம். மை நான்கு மூலையிலும் ஒட்ட வேண்டும். ஒட்டியது இரண்டு மூலையில் மட்டும், அதுவும் குறுக்காக. அந்த இரண்டு மூலையிலும் சுரண்டியும் மிஞ்சிய பூச்சு தடித்திருந்தது. கண்ணாடிப் பலகையில் நீர்த்தாள் ஒட்டி, எட்டுப் போட்டதுபோல் மெதுவாகத் தேய்த்தேன். நான்கைந்து தடவை மை பார்த்து, தேய்த்து, மறுபடி பார்த்தபின் நீலம் ஒரே சீராகப் படிந்தது.

ரிசீவர் கட்டையில் உட்காருவதைப் பார்க்க இன்னும் எளிய வழி ஒன்றை அன்றைக்கு சேர் காட்டித்தந்தார். இரண்டும் சேரும் கோட்டின் மேல் விரல் நுனியை வைத்துக்கொண்டு முன் ஆணியைத் தளர்த்த வேண்டும். விரலுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் நல்லது. ஏதோ நகர்ந்ததுபோல் பட்டால் உடல் வளைந்த நிலையில் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். இறுக்குவதற்கு எப்போதும் டோர்க் ரென்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் சாவி), தயாரிப்பாளர் தாளில் உள்ள அளவு, இரண்டு ஆணிக்கும் மாறி மாறி. கையின் உணர்வை நம்பி இறுக்குவதை நான் விட்டுவிட்டேன்.

மூன்றாம் வருடம் செய்த பிழையைச் சொல்லத்தான் வேண்டும். தோள் தகட்டின் ஆணிகள் துருப்பிடிக்கத் தொடங்கியதால் பழைய சோனகத் தெருவில் துருப்பிடிக்காத எஃகு ஆணிகள் வாங்கி மாற்றினேன். வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு வருடம் கழித்துக் கழற்றப் போனால் ஒன்று அசையவே இல்லை. எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்பும் ஈரமும் இருந்தால் அது ஒரு சின்ன பற்றரி. அதில் கரைவது அலுமினியம்தான். ஆணியைச் சுற்றி வெள்ளை மாவு பூத்திருந்தது. பலமாகத் திருப்பியபோது ஆணியோடு மரையும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. தகட்டின் அடிப்பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பஞ்சிகாவத்தையில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். துளையைப் பெரிதாக்கி, எஃகுச் சுருள் மரை ஒன்றை உள்ளே வைத்துத் தந்தார்கள். அது இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது. இப்போது எந்த ஆணியும் கிறீஸ் தடவாமல் உள்ளே போகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் அரைச் சுற்றுத் தளர்த்தி மறுபடி இறுக்குகிறேன்.

சுடும் அனுபவம் எப்படி என்று கேட்டால், நான் உயரம் குறைந்தவள். இடுப்பில் முழங்கை ஊன்றி நிற்கும்போது கைத்தாங்கியின் உயரம், தோள் தகட்டின் சாய்வு எல்லாமே எனக்கு மில்லிமீற்றர் கணக்கு. மரத்தில் அதற்கு ஒட்டுத்துண்டு வைத்துச் சமாளித்தேன். இதில் ஒவ்வொன்றுக்கும் கோடு போட்ட அளவு இருக்கிறது, எழுதி வைத்துக்கொள்ளலாம். மொத்த நிறை 4.6 கிலோ, விதி அனுமதிப்பது 5.5 கிலோ வரை. 60 சூட்டில் 606 புள்ளி அளவில் நின்ற நான் இப்போது 614 அளவில் சுடுகிறேன். அதில் பயிற்சிக்கும் பங்குண்டு, ஆனால் ஜூன் மாதப் புள்ளி மார்ச் மாதப் புள்ளியைவிட இறங்குவது நின்றதற்கு முழுப் பெருமையும் அலுமினியத்துக்குத்தான்.

7 வருடத்தில் தேய்ந்தது என்ன? சிவப்புச் சாயம் போட்ட அனோடைஸ் பாகங்கள் வெளிறி ரோஸ் நிறமாகிவிட்டன. ஹார்ட் அனோடைஸ் போட்ட சாம்பல் நிற ரிசீவர் வாங்கிய நாள்போலவே இருக்கிறது. இடது கை தாங்கும் இடத்தில் மட்டும் வியர்வை பட்டு ஒரு பெருவிரல் அளவுக்கு மினுக்கம். சுட்டு முடித்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை துடைப்பேன். வேறு எண்ணெய் எதுவும் உடலில் பூசுவதில்லை.

காற்று உருளை தனிக்கதை. அதுவும் அலுமினியம்தான், ஆனால் ஒவ்வொரு தடவை நிரப்பும்போதும் காலியாகும்போதும் உலோகம் களைக்கிறது, வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் என்னுடையதில் தயாரித்த திகதி பொறித்து 10 வருட ஆயுள் கொடுத்திருக்கிறார்கள். துவக்கு எனக்கு வரும்போதே அது 2 வருடம் பழையது. அடுத்த வருடம் முடிகிறது. புதியதுக்கு இந்த மாதமே கழகத்தின் ஊடாக எழுதிக் கொடுத்துவிட்டேன், அனுமதிக் கடதாசி வந்து சேரவே மாதக்கணக்கில் ஆகும்.