மூக்கடைப்புக்கு உப்புநீரா, சொட்டு மருந்தா, ஆவியா?

மருந்துக்கடையில் போய் "மூக்கடைப்புக்கு ஏதாவது கொடுங்க" என்றால் பெரும்பாலும் கைக்கு வருவது ஆக்சிமெடாசோலினோ சைலோமெடாசோலினோ இருக்கிற குப்பிதான். சலைன், அதாவது உப்புநீர், ஸ்பிரே வேண்டுமென்றால் பேரைச் சொல்லிக் கேட்க வேண்டும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், வேலைதான் வேறு.

முதலாவது, மூக்குக்குள் வீங்கிக் கிடக்கும் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. சில நிமிடத்தில் மூச்சு விடலாம், அந்தச் சுகத்துக்குக் கிட்டேகூட உப்புநீர் வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று நாளைத் தாண்டி அடித்துக்கொண்டே போனால், மருந்தின் வேகம் இறங்கியதும் உள்ளே முன்பைவிட மோசமாக வீங்கும், அதற்கு மறுபடியும் அதே மருந்து. எனக்கு இப்படித்தான் ஆனது. சளி விட்டுப் பத்து நாள் ஆகியும், தலையணைக்கு அடியில் குப்பி இல்லாமல் தூக்கம் வரவில்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

சலைன் வெறும் உப்புநீர், 0.65 அல்லது 0.9 சதவீதம். காய்ந்து ஒட்டிய சளியை இளக்கி வெளியே தள்ளும், அவ்வளவுதான். அதனால்தான் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, வாரக்கணக்கில்கூட அடிக்கலாம், கர்ப்பிணிகளும் அடிக்கலாம், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் முன் சொட்டாக விடலாம். "அடிச்சுப் பார்த்தேன், ஒண்ணும் ஆகலை" என்பவர்கள் பலர் அடிக்கிற விதமே தப்பு. தலையை லேசாகக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையால், குப்பியின் நுனி மூக்கின் நடுச்சுவரைப் பார்க்காமல் காதுப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் விட்டு மூக்கைச் சிந்துங்கள்.

வீட்டிலேயே கலக்கி மூக்கு கழுவுகிறவர்கள் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைத்தான் எடுக்க வேண்டும். 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரில் அப்படிக் கழுவிய இரண்டு பேர் மூக்கு வழியாக மூளைக்குப் போகும் நெக்ளேரியா அமீபா தொற்றி இறந்தார்கள்.

அப்புறம் ஆவி. நொச்சி போட்டுப் போர்வைக்குள் உட்கார்ந்தால் இதம்தான், ஆனால் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கொதிக்கிற சட்டி எனக்குப் பயம். தைலத்தின் மெந்தால் குளுகுளுவென்று நரம்பை ஏமாற்றும், அடைப்பு அப்படியேதான் இருக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் சலைன்தான் கைக்கெட்டும் இடத்தில். அந்த இன்னொரு குப்பி படுக்கப்போகும்போது மட்டும், அதுவும் மேலே ஆரம்பித்த தேதியைப் பேனாவால் எழுதிவிட்டு. நாலாம் நாள் அது பீரோவுக்குள் போய்விடும்.