டிவியில் குடும்பப் படங்கள்: ஐந்தாண்டு அனுபவமும் ஓர் ஆறாத எரிச்சலும்

சென்ற மாதம் எங்கள் டிவியின் திரை பாதி இருண்டுபோனதால், பின்விளக்குப் பட்டைகளை மாற்றுவதற்காக அது சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்குப் போய் வந்தது. திரும்பி வந்து சுவரில் ஏறிய அன்றே அக்கா மகன் தொலைபேசியில் அழைத்தான். ஆவணியில் நடக்கவிருக்கும் தன் அப்பாவின் மணிவிழாவில் பழைய படங்களை மண்டபத்து டிவியில் ஓடவிட வேண்டும் என்றும், "அப்படியே பென் டிரைவில் போட்டுவிடலாமா, இல்லை வீடியோவாகச் செய்துவிடலாமா மாமா?" என்றும் கேட்டான். இரண்டு வழிகளிலும் ஐந்து வருடமாக மாறி மாறி அலைந்தவன் நான் என்பதால், ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

எங்கள் அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்குப் பார்த்தவர். அங்கே இருந்தவரை எடுத்த அச்சுப் படங்களில் மலையின் ஈரம் பூஞ்சையாகப் படரத் தொடங்கியிருந்ததால், ஆல்பங்களை அஸ்தம்பட்டி வீட்டுக்கு இறக்கிக் கொண்டுவந்து 300 படங்களை ஸ்கேன் செய்தேன். நான்குக்கு ஆறு அங்குல அச்சை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகளாக, எடுத்தாலே 1800க்கு 1200 புள்ளிகள் கிடைத்துவிடும். எங்களுடையதுபோல் 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட முழு எச்டி திரைக்கு அது ஏறக்குறையப் போதும். பிற்பாடு இதைப்போல் நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே டிவி வாங்கினால் மறுபடியும் உட்கார வேண்டியிருக்குமே என்று 600இல் எடுத்துவைத்தேன். அந்த ஒரு முடிவைப் பற்றி மட்டும் இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

எரிச்சல் தொடங்கியது வரிசையில். அடுத்து வந்த மே மாதத்தில் குடும்பமாக மலையேறியபோது, படக்காட்சிக்கு நல்ல தொடக்கமாக இருக்கும் என்று எண்ணி, ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒவ்வொன்றாக நின்று படமெடுத்தேன். கணினியில் எல்லாவற்றையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்துப் பெயர் மாற்றினால், விண்டோஸ் ஒரே பெயரை வைத்து அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று எண் போட்டுக்கொடுக்கும். கணினித் திரையில் அவை ஒழுங்காகவே நின்றன. டிவியில் போட்டதும் கார் முதல் வளைவிலிருந்து நேராகப் பத்தாவது வளைவுக்குத் தாவியது. பிறகு 11, 12 என்று 19 வரை ஏறி, அங்கிருந்து இரண்டாம் வளைவுக்குச் சரிந்து, உடனே 20ஆம் வளைவில் உச்சியைத் தொட்டு, மறுபடி மூன்றுக்கு இறங்கியது. டிவிக்கு எண் தெரியாது; பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு அடுக்குவதால் 10 என்பது 2க்கு முன்னால் நிற்கிறது. முன்னால் சுழியம் சேர்த்து 001, 002 என்று பெயரிட்டால் சரியாகிவிடும் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது. இடையில் ஒரு புதிய படத்தைச் செருக வேண்டி வந்தால் பின்னால் உள்ள அத்தனைக்கும் எண் மாறுமே என்பதால், இப்போது 0010, 0020 எனப் பத்துப் பத்தாகத் தள்ளி எண்ணிடுகிறேன்.

பெயரை வைத்துப் படத்தை அடையாளம் காணலாம் என்று எண்ணோடு "படகுத்துறை", "சேர்வராயன் கோயில்" என்று தமிழில் எழுதிவைத்ததும் நடக்கவில்லை. இந்த டிவி தமிழெழுத்துகளுக்குப் பதிலாக வெறும் கட்டங்களைக் காட்டியது. தமிழ்நாட்டில் விற்கிற பெட்டிக்கு இந்த அளவு தமிழாவது தெரிந்திருக்க வேண்டாமா? செல்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படங்கள் டிவியில் படுத்துக் கிடந்த கதையும் உண்டு. செல்பேசி படத்தைத் திருப்பிச் சேமிப்பதில்லை, திருப்பிக் காட்டும்படி படக்கோப்புக்குள்ளேயே இருக்கும் எக்ஸிஃப் என்னும் குறிப்பில் எழுதிவைக்கிறது, என் டிவி அதைப் படிப்பதில்லை. கணினியில் நிரந்தரமாகத் திருப்பிச் சேமித்ததோடு அது தீர்ந்தது.

இத்தனைக்கும் மேல் பொறுமை இல்லாமல், எல்லாவற்றையும் வீடியோவாக்கினேன். விண்டோஸ் மூவி மேக்கரை 2017 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள் என்பதால் ஓப்பன்ஷாட் என்னும் இலவச மென்பொருளைப் பழகிக்கொண்டேன். படத்துக்கு 6 நொடி என்று வைத்தால் 300 படங்களுக்குச் சரியாக அரை மணி நேரம். வரிசை குலையாது, எந்தப் படமும் படுத்துக் கிடக்காது, ஊர்ப்பெயர்களைத் தமிழிலேயே படத்தின்மேல் எழுதலாம். நான்குக்கு மூன்று விகிதப் படம் 1440 புள்ளி அகலத்தோடு நின்று, இருபுறமும் 240 புள்ளிகள் கறுப்பாகக் கிடக்கும் இடத்தில், அதே படத்தை மங்கலாக்கிப் பின்னணியாக விரித்துவிடலாம். உண்மையைச் சொன்னால், நான் செய்தவற்றிலேயே அழகானது அந்த அரை மணி நேர வீடியோதான். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் பிரதி கேட்டு வாங்கிப் போனார்கள்.

அதில் முதலில் இடித்தது மூடுபனி. ஏற்காட்டின் பகோடா பாயின்ட் காட்சிமுனையில் பள்ளத்தாக்கே தெரியாமல் வெண்மை கலந்த சாம்பல் நிறம் மட்டும் திரை முழுதும் பரவி நிற்கும் படங்கள் எங்களிடம் ஏழெட்டு உண்டு. தனிப் படமாகப் பார்க்கும்போது பால்போல் இழையும் அந்தப் பனி, வீடியோவில் படிப்படியாக வரி விழுந்து நிலவரைபடம்போல் ஆகிவிட்டது. நுட்பமான நிற வேறுபாடுகளைத்தான் வீடியோச் சுருக்கம் முதலில் கைவிடுகிறது. தரத்தை உயர்த்தி நொடிக்கு 20 மெகாபிட் என்று வைத்தால் கோப்பு 4 ஜிபியைத் தாண்டி, அவ்வளவு பெரிய ஒற்றைக் கோப்பை ஏற்காத ஃபேட் 32 முறையில் அமைந்த என் பென் டிரைவில் ஏற மறுத்தது. 16இல் வைத்தபோது மூன்றரை ஜிபிக்குச் சற்று மேல் வந்து அடங்கியது. வரிகளும் குறைந்தன, ஆனால் போகவில்லை.

இரண்டாவது இடர் அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா படம் பார்க்கும் முறையே வேறு. மூன்று படத்துக்கு ஒருமுறை "நிறுத்து, அது யாரு?" என்பார், நிறுத்தினால் பின்வரிசையில் நிற்பவர் காப்பி பழம் பறிக்க வந்தவரா, தோட்டத்து லாரி ஓட்டியவரா என்பதில் தொடங்கி, அவர் பெண்ணை எந்த ஊரில் கொடுத்தார்கள் என்பதுவரை போய்த்தான் அடுத்த படம். வீடியோவை நிறுத்தினால் இந்த டிவி திரையின் அடிப்பகுதியில் ஒரு பட்டையை விரித்து, ஓடிய நேரத்தையும் மீதி நேரத்தையும் காட்டிக்கொண்டு நிற்கும். குழுப் படங்களில் பிள்ளைகளைத் தரையில்தானே உட்காரவைப்பார்கள்? அந்தப் பிள்ளைகளின் முகங்கள் அத்தனையும் பட்டைக்குப் பின்னால் போய்விடும். நான்தான் அதில் முதல் பிள்ளை. இதை மறைக்க ரிமோட்டில் வழி தேடித் தேடி, கோபத்தில் ரிமோட்டின் பேட்டரி மூடியை உடைத்தது தனிக் கதை. தனிப் படங்களாக ஓடும்போது நிறுத்தினால் அதே டிவி எதையும் மறைப்பதில்லை; படம் மட்டும் அசையாமல் நிற்கிறது.

பழுது பார்க்கப் போன வாரத்தில், புதிதே வாங்கிவிடலாம் என்று பென் டிரைவோடு ஒரு கடைக்குப் போய்ச் சோதித்தும் பார்த்தேன். அங்கிருந்த 4கே டிவி 10ஐ 9க்குப் பிறகு காட்டியது, தமிழ்ப் பெயர்களையும் படித்தது. ஆனால் படங்கள் இருக்கும் கோப்புறையை அடைவதற்குள் விளம்பரங்கள் நிறைந்த முகப்பைக் கடந்து பத்துப் பன்னிரண்டு முறை பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. எழுபத்தெட்டு வயது அம்மாவால் அது ஆகாது. எங்கள் பழைய டிவியில் பென் டிரைவைச் செருகினால் படங்கள் தானாக வந்து நிற்கும். நாலாயிரம் ரூபாய் செலவழித்துப் பழையதையே சரி செய்து கொண்டுவந்தேன்.

மணிவிழா மண்டபத்தில் யாரும் படத்தை நிறுத்தச் சொல்லப் போவதில்லை, எனவே நியாயமாகப் பார்த்தால் வீடியோதான் சரி. இருந்தும் அக்கா மகனிடம் படங்களாகவே கொடுத்துவிடு என்றுதான் சொன்னேன். அவனுடைய அம்மாயி, அதாவது என் அம்மா, முன்வரிசையில் உட்காருவார் என்பதை நினைத்ததும் வேறு பதில் வாயில் வரவில்லை. எண்களைப் பத்துப் பத்தாக நானே போட்டுத் தருகிறேன். முந்தின நாளே மண்டபத்துக்குப் பென் டிரைவோடு போய், அந்த டிவியும் முதல் வளைவிலிருந்து பத்தாவது வளைவுக்குத் தாவுகிற ஜாதிதானா, படுத்த படங்களை நிமிர்த்துகிறதா என்பதை மட்டும் அவன் பார்த்துவிட்டு வர வேண்டும்.