ஹாட்யாய்க்கு ரயிலில் போகலாமா? இடிஎஸ், பாடாங் பெசார், அப்புறம் கடைசி 45 கிலோமீட்டர்

கோலாலம்பூரிலிருந்து தெற்குத் தாய்லாந்து நகரமான ஹாட்யாய் போக இரவுப் பேருந்து இருக்கிறது, சொந்தக் கார் இருக்கிறது, விமானமும் இருக்கிறது. யார் கேட்டாலும் நான் ரயிலைத்தான் சொல்கிறேன். கேஎல் சென்ட்ரலில் கேடிஎம் ரயில் நிறுவனத்தின் மின்சார விரைவு வண்டியான இடிஎஸ் ஏறி, எல்லையில் இருக்கும் பாடாங் பெசாரில் இறங்கி, அங்கேயே இரண்டு நாட்டுக் குடிநுழைவையும் முடித்துக்கொண்டு தாய்லாந்து ரயிலுக்கு மாறினால் ஹாட்யாய் வந்துவிடும். முதலில் வண்டி எப்படி என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் அந்த எல்லைக்கு வருகிறேன். எனக்குச் சொல்ல நிறைய இருப்பது அங்கேதான்.

வண்டி நன்றாக இருக்கிறது. மின்சார ரயில், மணிக்கு 140 கிலோமீட்டர் வரை போகும், ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்தால் அந்த வேகம் தெரியாது. இருக்கைக்கு இருக்கை கால் நீட்ட இடம் உண்டு, சாப்பாட்டுப் பெட்டி உண்டு. இருந்தாலும் நான் பிரிக்பீல்ட்ஸில் பசியாறிவிட்டு, வழிக்கும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டுதான் ஏறுவேன், நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தானே. ஈப்போவை நெருங்கும்போது சுண்ணாம்புக் குன்றுகள், தைப்பிங் தாண்டினால் புக்கிட் மேரா ஏரியின் மேலேயே தண்டவாளம், கெடாவுக்குள் நுழைந்ததும் கண்ணுக்கு எட்டிய வரை வயல். ஐந்தரை மணி நேரம் போல ஆகும். அவ்வளவு நேரம் கார் ஓட்டிவிட்டு எல்லையில் போய் வரிசையில் நிற்பதை நினைத்தால் ரயிலின் அருமை புரியும். பள்ளி விடுமுறைக்கும் பெருநாளுக்கும் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். பினாங்குக்காரர்கள் கேஎல் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டாம், பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசாருக்கு நேராகவே கொமுட்டர் என்கிற சாதாரணப் பயணிகள் ரயில் ஓடுகிறது.

பாடாங் பெசார் நிலையம் மலேசிய மண்ணில் இருக்கிறது. ஆனால் தாய்லாந்து குடிநுழைவு அதிகாரிகளும் அதே கட்டடத்துக்குள் முகப்பு வைத்து வேலை பார்க்கிறார்கள். நம் நாட்டை விட்டு வெளியேறும் சோதனையும் அவர்கள் நாட்டுக்குள் நுழையும் சோதனையும் ஒரே கூரையின் கீழ், நடந்து போகிற தூரத்தில் முடிந்துவிடுகின்றன. நாடுகளுக்கிடையே ஒத்துழைப்பு என்று மாநாடுகளில் பேசுகிறார்களே, அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இங்கே வந்து பாருங்கள். ஒரு நாடு தன் அதிகாரியை இன்னொரு நாட்டு மண்ணில் உட்கார வைக்க எத்தனை ஒப்பந்தம், எத்தனை வருட நம்பிக்கை தேவைப்பட்டிருக்கும்!

அந்த வரிசையில் எனக்கு முன்னால் சுங்கைப்பட்டாணியில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு அக்கா நின்றார். ஹாட்யாயில் துணி எடுத்து வந்து விற்கிறவர். "முன்னாடி வேன்தான் தம்பி. நாலு பேரு சேர்ந்தாத்தான் கட்டுப்படியாகும். யாராவது ஒருத்தர் வரலேன்னா அந்த மாசம் சரக்கே கிடையாது. இப்போ நான் ஒருத்தியா போயிட்டு வந்துடுறேன்" என்றார். போக்குவரத்து பொருளாதாரத்தை வளர்க்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. பெரிய நிறுவனங்களுக்குச் சரக்கு ஏற்றிவர எப்படியும் ஒரு வழி இருக்கும். ரயில் ஓடினால்தான் தொழில் ஓடும் என்கிற நிலையில் இருப்பவர்கள் இந்த அக்காவைப் போன்ற ஒற்றை ஆள் வியாபாரிகள். எந்தப் புள்ளிவிவரத்திலும் அவர்கள் தனியாகத் தெரிவதில்லை, ஆனால் வடக்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இந்த நாட்டில் ரயில் வந்ததே பிழைப்பை ஒட்டித்தான். 1885ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்குப் போட்ட முதல் பாதை ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோவதற்காக. அடுத்த வருடமே கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையில் பாதை வந்ததும் அதே ஈயத்துக்காக. அந்தத் தண்டவாள வேலையிலும் பட்டறையிலும் நம் ஆட்கள் இருந்தார்கள், நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். செந்தூலும் பிரிக்பீல்ட்ஸும் தமிழர் வட்டாரங்களாக வளர்ந்ததில் ரயில்வேக்குப் பெரிய பங்கு உண்டு.

எல்லையைத் தாண்டுகிற கதை அதைவிடச் சுவாரசியம். 1909ல் பிரிட்டனும் சயாமும் (இன்றைய தாய்லாந்து) செய்துகொண்ட ஒப்பந்தத்தில்தான் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு நான்கும் பிரிட்டிஷ் பக்கம் வந்தன. அதையொட்டி சயாம் தன் தெற்கு ரயில் பாதையைக் கட்டிக்கொள்ள, மலாய் மாநிலங்களின் கூட்டரசு 40 லட்சம் பவுன் கடன் கொடுத்தது. அந்தப் பாதை இங்கே இருந்த அதே ஒரு மீட்டர் அகலத்தில் போடப்பட்டது, 1918ல் இரண்டும் பாடாங் பெசாரில் சேர்ந்தன. காலனி அரசு தன் லாபத்துக்காகச் செய்ததுதான், சந்தேகமே இல்லை. ஆனாலும் தண்டவாள அகலம் ஒன்றாக இருப்பதால்தான் ஒரு நூற்றாண்டு கழித்தும் இங்கே ஏற்றிய பெட்டியை இறக்காமலே பேங்காக் வரை இழுத்துப் போக முடிகிறது. 2024 ஜூன் மாதம் சிலாங்கூரிலிருந்து சீனாவின் சோங்சிங் நகருக்கு ஆசியான் எக்ஸ்பிரஸ் என்ற சரக்கு ரயில் சேவையைத் தொடங்கினார்கள். அது தாய்லாந்தைக் கடக்கும் வரை இதே ஒரு மீட்டர் பாதைதான். லாவோஸில் சீனா கட்டிய பாதை 1.435 மீட்டர் அகலம் என்பதால் அங்கே கொள்கலன்களை வேறு ரயிலுக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. இந்த அரை மீட்டருக்கும் குறைவான வித்தியாசம் எவ்வளவு நேரத்தையும் பணத்தையும் விழுங்கும் என்று யோசித்தால், அன்று இரண்டு பக்கமும் ஒரே அளவில் போட்டது எத்தனை பெரிய விஷயம் என்று விளங்கும்.

இதே பாதையில்தான் 1942, 43ல் நம் தோட்டத் தமிழர்களை ரயிலேற்றி சயாமுக்குக் கொண்டுபோனார்கள், ஜப்பானியர் பர்மாவுக்குப் போட்ட அந்த மரண ரயில் பாதைக்கு. பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. கிளந்தான் பக்கத்துத் தண்டவாளங்களைக்கூடக் கழற்றி அங்கே எடுத்துப் போனார்கள். எல்லையைத் தாண்டும்போது இதை நினைக்காமல் என்னால் உட்கார முடிவதில்லை. நாடுகளை இணைப்பதற்காகப் போடுகிற பாதை யார் கையில் இருக்கிறது, எதற்காக ஓடுகிறது என்பதை நம் சமூகம் மிகக் கசப்பாகக் கற்றுக்கொண்டது. அதனால்தான் இரண்டு நாடுகள் சம்மதித்துச் சேர்ந்து நடத்துகிற ஒரு சாதாரணப் பயணிகள் வண்டி எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது.

சரி, குறைக்கு வருகிறேன். ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர், இரட்டைப் பாதை, முழுக்க மின்சாரம், 2015லிருந்து இடிஎஸ் ஓடுகிறது. ரயில் பெட்டிகள் கொரியாவிலும் சீனாவிலும் செய்தவை, தெற்கே சிரம்பான்–கிம்மாஸ் இரட்டைப் பாதையைப் போட்டது இந்தியாவின் இர்கான் நிறுவனம். இத்தனை நாட்டின் உழைப்பு சேர்ந்த வண்டி எல்லையோடு நின்றுவிடுகிறது, ஏனென்றால் மின்கம்பி அங்கே முடிகிறது. அங்கிருந்து ஹாட்யாய் வரை சுமார் 45 கிலோமீட்டர் டீசல் வண்டிதான், ஒற்றைப் பாதைதான். இணைப்பு ரயில் நாளுக்கு இரண்டே தடவை, மாலையில் பேங்காக் விரைவு வண்டி ஒன்று. முன்பு பட்டர்வொர்த்திலிருந்தே பேங்காக்குக்கு நேரடி வண்டி ஓடியது, அது நின்றுபோய் வருடங்கள் ஆகிவிட்டன. பாதை இருக்கிறது, அகலம் பொருந்துகிறது, குடிநுழைவு ஒரே கூரைக்குள் வந்துவிட்டது. கடினமானதையெல்லாம் முடித்துவிட்டு, சுலபமானதைத் தொங்கலில் விட்டிருக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

இப்படித் தொங்கலில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக ரயில் கண்முன் உதாரணம். 2020 டிசம்பர் 31ஆம் தேதி ஒப்பந்தம் காலாவதியாகி, நாம் சிங்கப்பூருக்கு 10.28 கோடி சிங்கப்பூர் வெள்ளி இழப்பீடு கட்டினோம், ஒரு அடி தண்டவாளமும் போடாமல். அதே சிங்கப்பூரோடு ஜொகூர் பாருவை இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் பாதை, நீளம் 4 கிலோமீட்டர்தான், கட்டுமானம் வரை வந்துவிட்டது. சின்னதாக இருந்தாலும் முடிக்கக்கூடியதை எடுத்துக்கொள்வதுதான் சரி என்று நினைக்கிறேன். அந்தக் கணக்கில் ஹாட்யாயின் 45 கிலோமீட்டர் எப்போதோ முதல் வரிசைக்கு வந்திருக்க வேண்டும்.

மை சவாஸ்டி என்று கேடிஎம் ஒரு சிறப்பு ரயில் விடுகிறது, கேஎல் சென்ட்ரலிலிருந்து ஹாட்யாய் வரை மாறாமலே போகலாம், டீசல் எஞ்சின் இழுப்பதால் மின்கம்பி முடிந்த பிறகும் அதே வண்டி தொடர்ந்து போகும். நல்ல முயற்சி. ஆனால் விடுமுறை, பண்டிகைச் சமயங்களில்தான் ஓடுகிறது. சுற்றுலாப் போகிறவர்களுக்கு அது போதும், சுங்கைப்பட்டாணி அக்காவுக்குப் போதாது. வாரம் ஒரு முறையாவது நிலையாக ஓட்டினால் நான் கூடுதல் கட்டணம் கொடுத்தே ஏறுவேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். தாய்லாந்தின் மின்னியல் வருகை அட்டையை 2025 மே முதல் மலேசியர்களும் நிரப்ப வேண்டும், வீட்டிலேயே முடித்துவிடுங்கள், வரிசையில் நின்றுகொண்டு கைப்பேசியில் தட்டிக்கொண்டிருப்பது பெரிய அவதி. தாய்லாந்துப் பணம் கொஞ்சம் கையில் இருக்கட்டும். இணைப்பு ரயிலின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு அதற்கேற்ப இடிஎஸ் டிக்கெட் எடுங்கள், மாற்றி எடுத்தால் பாடாங் பெசாரில் மணிக்கணக்கில் உட்கார நேரும். திரும்பும்போதும் அப்படித்தான், அதோடு தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி பின்தங்கியது, ஹாட்யாய் நிலையக் கடிகாரத்தில் மூன்று என்றால் உங்கள் இடிஎஸ் டிக்கெட்டின் கணக்கில் அப்போது நான்கு.