மாதம் 300 ரூபாயில் டிவி: கேபிளா, டிடிஎச்சா, இலவச டிஷ்ஷா, ஆப்பா?

டிவிக்கென்று மாதம் 300 ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாத தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு நான்கு வழிகள் உண்டு: தெருக் கேபிள், டிடிஎச், தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ், பிராட்பேண்டோடு ஓடிடி. நான்கிலும் நல்லது இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. ஆனால் பணம் பெரும்பாலும் கரைவது ஒரே சீரியலுக்கு இரண்டு இடத்தில் கட்டுவதில்தான். கேபிளுக்கு 250, பிராட்பேண்டுக்கு 470, மொபைல் ரீசார்ஜோடு ஒட்டிவந்த ஓடிடி வேறு. மூன்றிலும் ஓடுவது ஒரே விஜய் டிவி.

பில்லைப் பிரித்துப் பாருங்கள்

கேபிள், டிடிஎச் இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான். 2019 பிப்ரவரியில் ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) கொண்டுவந்த முறைப்படி பில்லில் இரண்டு பகுதிகள். முதலாவது நெட்வொர்க் கட்டணம், அதாவது சேனல்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்கான தொகை. தொடக்கத்தில் 100 சேனலுக்கு அதிகபட்சம் 130 ரூபாய் என்று இருந்தது. 2020 திருத்தத்தில் அதே 130-க்கு 200 சேனல் என்றானது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 153.40. 2024 ஜூலையில் இந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். அதனால் இப்போது நிறுவனத்துக்கு நிறுவனம், ஏரியாவுக்கு ஏரியா இந்தத் தொகை மாறலாம். பக்கத்து ஊரில் இருக்கும் சொந்தக்காரர் கட்டும் தொகையை வைத்து உங்கள் பில்லை எடைபோடாதீர்கள்.

இரண்டாவது பகுதி சேனல் விலை. பேக்கில் சேர்க்கப்படும் எந்த சேனலும் தனியாக 19 ரூபாயைத் தாண்டக் கூடாது. புதிய தலைமுறை, தந்தி, பாலிமர் போன்ற இலவச சேனல்களுக்கு இந்தப் பகுதியில் எதுவும் கிடையாது. ஆக, 130 ரூபாய் நெட்வொர்க் கட்டணத்தோடு நான்கு கட்டண சேனல்களை உச்ச விலையில் எடுத்தாலும் 130 + 76 = 206; ஜிஎஸ்டியோடு 243.08. உங்கள் பில் 350-ஐத் தாண்டுகிறதென்றால், வீட்டில் யாரும் பார்க்காத ஏதோ ஒன்று பேக்கில் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் அது ஹெச்டி. ஒரு ஹெச்டி சேனல் இரண்டு சாதா சேனலாகக் கணக்கில் ஏறும், விலையும் தனி. ஒரே சேனலின் சாதா வடிவமும் ஹெச்டி வடிவமும் சேர்ந்தே ஓடும் பேக்குகள் ஏராளம்.

“பேக் எல்லாம் ஏமாற்று வேலை, தனித்தனியாக எடுத்தால்தான் மிச்சம்” என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. பேக்கில் தள்ளுபடி 45 சதவீதம் வரை தரலாம் என்பதால், ஒரே குழுமத்தின் மூன்று சேனல்களை நிஜமாகவே பார்க்கிற வீட்டுக்குப் பேக்தான் லாபமாக முடியும். ஒன்றை மட்டும் பார்க்கிற வீட்டுக்குத் தனிச் சேனல். இதைத் தெரிந்துகொள்ள டிவிக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, ஏழு நாள் யார் எந்த சேனல் பார்த்தாலும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் எட்டு, பத்து சேனலுக்கு மேல் கோடு விழாது.

கேபிள் எதிர் டிடிஎச்

அரசு கேபிள் 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. 2017-இல் டிஜிட்டலுக்கு மாறி பாக்ஸை இலவசமாகக் கொடுத்தது. 2019-இல் அடிப்படைக் கட்டணம் 130 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று அறிவிக்கப்பட்டது. தெருவில் வசூலாவது இதைவிட அதிகமாக, 200, 250 என்று போவதுண்டு. ரசீது கேளுங்கள். ரசீது இல்லாத ஊரில் பேக்கின் பெயரையாவது கேட்டு எழுதி வையுங்கள்.

கேபிளின் பெரிய பலம் கேபிள்காரர்தான். பாக்ஸ் பழுதானால் போன் அடித்தால் சைக்கிளிலோ பைக்கிலோ வந்துவிடுவார், பெரும்பாலும் தனிக் கட்டணம் இருக்காது. முதல் செலவும் குறைவு. பலவீனம் மின்வெட்டு. உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் தெருக் கம்பத்தில் இருக்கும் ஆம்ப்ளிஃபையருக்குக் கரண்ட் இல்லையென்றால் படம் வராது. டிடிஎச்சுக்கு அந்தத் தொல்லை இல்லை. டிவியும் பாக்ஸும் இன்வெர்ட்டரில் இருந்தால் போதும்.

இன்னொரு வித்தியாசம் பணம் கட்டும் முறையில். கேபிளில் மாதம் முழுவதற்கும் கட்ட வேண்டும். டிடிஎச் ப்ரீபெய்டு: பேலன்ஸ் தீர்ந்தால் படம் நிற்கும், பத்து நாள் கழித்து ரீசார்ஜ் செய்தால் இடைப்பட்ட பத்து நாளுக்குக் காசு போகாது. பொதுத்தேர்வு மாதம், ஊருக்குப் போகும் கோடை விடுமுறை, கையில் காசு இல்லாத மாதக் கடைசி என்று ஆண்டில் ஒன்றரை, இரண்டு மாதம் நிறுத்திவைக்கிற வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் டிடிஎச்சில் முதலீடு முடங்கும். டிஷ், பாக்ஸ், பொருத்தும் கூலி எல்லாம் சேர்ந்து சுமார் 1,500 முதல் 2,000 வரை ஆகும். ஒரு நிறுவனத்தின் பாக்ஸ் இன்னொன்றில் வேலை செய்யாது. அடிக்கடி வீடு மாறும் வாடகைக் குடும்பத்துக்கு ஒவ்வொரு முறையும் கழற்றிப் பொருத்தும் கூலி தண்டம். எடுக்கும் முன் மொட்டை மாடியில் நின்று திசையையும் பாருங்கள். டாடா ப்ளேயின் செயற்கைக்கோள் 83 டிகிரி கிழக்கில் இருக்கிறது; சென்னையிலிருந்து அது ஏறத்தாழ நேர் தெற்கே, வானில் உயரமாக நிற்கும். சன் டைரக்ட் 91.5, 93.5 டிகிரியில், அதாவது தென்கிழக்கில். ஏர்டெல் 108.2 டிகிரி, அது இன்னும் கிழக்கே சாய்ந்து, தாழ்வாக இருக்கும். கிழக்குப் பக்கம் தென்னை மரமோ அடுக்குமாடியோ இருந்தால் முதலில் அடிபடுவது இந்தத் தாழ்வான கோணம்தான்.

அடைமழையில் பத்து, இருபது நிமிடம் சிக்னல் போவது எல்லா டிஷ்ஷுக்கும் பொது. டிஷ்ஷுக்கு வரும் அலைவரிசையை மழை விழுங்கும். தூறலுக்கே போனால் குற்றம் மழை மேல் இல்லை. முக்கால்வாசி நேரம் டிஷ்ஷின் எல்என்பியில் (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டியிருக்கும், சிக்னலை வாங்கும் கருவி) கம்பி நுழையும் எஃப் கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கும். பாக்ஸின் பிளக்கைக் கழற்றிவிட்டு (கம்பியில் 13 அல்லது 18 வோல்ட் போய்க்கொண்டிருக்கும்) கனெக்டரைத் திருகி எடுங்கள். நடுச் செம்புக் கம்பி பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் ஒரு விரல் நீளம் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் சீவுங்கள். வெளிப் பின்னலின் முடி போன்ற இழை ஒன்று நடுக் கம்பியைத் தொட்டாலும் போதும், எல்என்பிக்குக் கரண்ட் போகாமல் திரையில் ‘நோ சிக்னல்’ நிற்கும். மாட்டிய பிறகு கனெக்டருக்குக் கீழே கம்பியை ஒரு வளைவாகத் தொங்கவிடுங்கள். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், கனெக்டருக்கோ வீட்டுக்குள்ளோ வராது. சர்வீஸ் ஆள் வந்தால் வாங்கும் கூலிக்கு ஒரு மாத ரீசார்ஜே போட்டுவிடலாம்.

ஃப்ரீ டிஷ்: யாருக்குச் சரி?

2004 டிசம்பரில் தொடங்கியது. மாதக் கட்டணமே இல்லை; டிஷ்ஷும் பாக்ஸும் ஒருமுறை வாங்கினால் முடிந்தது. வட இந்தியாவில் இது கொடிகட்டிப் பறக்கக் காரணம் அதிலுள்ள தனியார் இந்தி சேனல்கள். தமிழ் வீட்டுக்கு நிலைமை வேறு. டிடி தமிழ் (2024 ஜனவரி வரை பொதிகை) வரும், செய்தி, கல்வி சேனல்கள் வரும். சன், விஜய், ஜீ தமிழ் போன்ற கட்டண சேனல்களை எதிர்பார்க்காதீர்கள். சீரியல் பார்க்கிற ஒரு பாட்டி இருந்தாலும் அந்த வீட்டில் இது மூன்று நாள் தாங்காது. இந்தி தெரிந்த வீட்டுக்கும், செய்தி மட்டும் போதும் என்கிறவர்களுக்கும் சரி.

ஆப் மட்டும் போதுமா?

இங்கேதான் கணக்கு பலருக்குத் தப்புகிறது. கேபிளில் ஒரே ரிமோட்டில் வரும் மூன்று முன்னணி சேனல்கள் இணையத்தில் மூன்று வெவ்வேறு வீட்டில் குடியிருக்கின்றன: சன் டிவி சன் நெக்ஸ்டில், விஜய் ஜியோஹாட்ஸ்டாரில், ஜீ தமிழ் ஜீ5-இல். ஒரு குடும்பத்தின் மாலை நேரத்தை முழுதாக மாற்ற மூன்று சந்தா வேண்டும்.

அதற்கு முன் இணையம் வேண்டும். சாதா தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி, ஹெச்டியில் 3 ஜிபி வரை ஓடும். தினம் நான்கு மணி நேரம் டிவி ஓடும் வீட்டுக்கு மாதம் 120 முதல் 360 ஜிபி. தினம் 1.5 ஜிபி தரும் மொபைல் பேக்கின் ஹாட்ஸ்பாட்டில் டிவியை ஓட்டினால் ராத்திரி சீரியலின் பாதியில் சக்கரம் சுற்றும். பிராட்பேண்டில் 30 எம்பிபிஎஸ் திட்டம் 399 என்று விளம்பரம் வரும், ஜிஎஸ்டியோடு 470.82. 300 ரூபாய் பட்ஜெட் இங்கேயே உடைந்துவிட்டது. ஆகவே டிவிக்காக மட்டும் பிராட்பேண்ட் எடுப்பது நஷ்டம். பிள்ளையின் படிப்புக்கோ வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கோ அது ஏற்கனவே இருந்தால் கதை வேறு. அப்போது கூடுதல் செலவு சந்தா மட்டும்தான்.

சந்தாவில் ஒரு பொறி இருக்கிறது. ஜியோஹாட்ஸ்டார் 2025 பிப்ரவரியில் வந்தபோது மொபைல் திட்டம் 3 மாதத்துக்கு 149, டிவியிலும் ஓடும் சூப்பர் திட்டம் 299. மொபைல் ரீசார்ஜோடு ‘இலவசமாக’ வருவது பெரும்பாலும் முதல் ரகம்: ஒரு போன், சின்னத் திரை, டிவியில் வராது. நெட்ஃப்ளிக்ஸின் 149 ரூபாய் மாதத் திட்டமும் அப்படியே.

இலவசமாகக் கிடைப்பதையும் கணக்கில் சேருங்கள். தமிழ்ச் செய்தி சேனல்கள் பல யூடியூபில் நேரலையாக ஓடுகின்றன. 2019-இல் தொடங்கிய கல்வி தொலைக்காட்சியின் பாடங்களும் அங்கே உண்டு. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் வேவ்ஸ் ஆப் 2024 நவம்பரில் வந்தது. அதில் தூர்தர்ஷன் சேனல்கள் காசில்லாமல் வரும்.

எந்த வீட்டுக்கு எது

பெரியவர்கள் பகலெல்லாம் டிவி பார்க்கும், பிராட்பேண்ட் இல்லாத வீட்டுக்குக் கேபிள். அடிப்படைப் பேக், சாதா தரம், ஒரே பாக்ஸ்; கட்டிய காசுக்கு மணிக்கணக்கில் பார்க்கக் கிடைப்பது இதில்தான். மின்வெட்டு அதிகமுள்ள கிராமத்துக்கும், மாதாமாதம் வருமானம் ஏறி இறங்கும் வீட்டுக்கும் டிடிஎச். பிராட்பேண்ட் ஏற்கனவே இருந்து, ஒரே சேனலின் இரண்டு சீரியலும் கிரிக்கெட்டும்தான் பார்க்கிறார்கள் என்றால் ஓர் ஆப், மீதிக்கு யூடியூப், கேபிளை வெட்டிவிடலாம். கிரிக்கெட்டுக்கு மட்டும் என்றால் ஐபிஎல் நடக்கும் மார்ச் முதல் மே வரை ஒரு 3 மாதச் சந்தா போதும். ஆட்டோ ரெனியூவலை எடுத்த அன்றைக்கே அணைத்துவிடுங்கள்.

எதை வைத்திருந்தாலும் ராத்திரி பாக்ஸின் சுவிட்சை அணையுங்கள். ரிமோட்டில் அணைத்தாலும் சுமார் 10 வாட் இழுத்துக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க அப்படிக் கிடந்தால் இரண்டு மாத மின்கணக்கில் 14 யூனிட் அதற்கே போகும்.

கேபிளை நிறுத்துவதாக இருந்தால் பாக்ஸ், அடாப்டர், ரிமோட் மூன்றையும் திருப்பிக் கொடுத்து, பாக்ஸ் எண் போட்டு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லாக விட்டால் ஆறு மாதம் கழித்துப் பாக்கி கேட்டு ஆள் வருவார்.