இரவு மூன்று மணிக்கு எவ்வளவு ஓடுகிறது? எங்கள் மின் கூட்டுறவின் சிக்கன சேவை பற்றி

எங்கள் வீட்டுக்கு மின்சாரம் தருவது ஒரு கூட்டுறவுச் சங்கம். இணைப்பு வாங்கும்போதே நாம் உறுப்பினர் ஆகிவிடுகிறோம். இயக்குநர் குழுவுக்கு ஓட்டுப் போடுவதும் நாமேதான். மின் செலவைக் குறைக்க இந்தச் சங்கம் நான்கு வசதிகள் தருகிறது: மணிவாரியாக யூனிட் கணக்கு காட்டும் செயலி, இரவல் வாட் மீட்டர், வீட்டுக்கே ஆள் வந்து பார்க்கும் சோதனை, வாட்டர் ஹீட்டரில் மாட்டும் உச்சநேர சுவிட்ச். நான்கையும் பயன்படுத்திவிட்டுத்தான் எழுதுகிறேன். செயலிக்கும் வீட்டுச் சோதனைக்கும் தாராளமாக மதிப்பெண் போடுவேன். சுவிட்ச் எல்லார் வீட்டுக்கும் ஒத்துவராது.

மின்சாரம் விற்கிறவர்களே எதற்குக் குறைத்து வாங்கச் சொல்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் பலர் என்னிடம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எங்கள் சங்கத்துக்குச் சொந்த மின் நிலையம் கிடையாது. மொத்தமாக வாங்கி நமக்குப் பிரித்துத் தருகிறது. அந்த மொத்தக் கொள்முதல் பில்லில் இரண்டு கணக்கு இருக்கிறது. ஒன்று, மாதம் முழுக்க ஓடிய யூனிட். மற்றது, அந்த மாதத்திலேயே எல்லார் வீட்டிலும் சேர்ந்து தேவை உச்சத்துக்குப் போன நேரத்தின் கிலோவாட். ஒரே ஒரு சாயங்கால மணி நேரம் எகிறினாலும் அந்த மாதக் கட்டணம் மொத்தமும் ஏறும். அந்தப் பாரம் கடைசியில் உறுப்பினர்கள் தலையில்தான் விழும். தனியாகப் பங்கு போட்டுக்கொள்ள வேறு முதலாளி இல்லாததால், சங்கத்துக்கு மிச்சமாவது நமக்கும் மிச்சம். அதனால்தான் இங்கே சிக்கன அறிவுரை விளம்பரத்துக்காகச் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த ஏற்பாடு புதிதும் இல்லை. அமெரிக்காவில் 1935-இல் ரூஸ்வெல்ட் அரசு கிராம மின்மயமாக்கல் நிர்வாகத்தைத் தொடங்கியபோது, அங்கே பத்துப் பண்ணை வீடுகளில் ஏறக்குறைய ஒன்றில்தான் மின் விளக்கு எரிந்தது. தள்ளித் தள்ளி இருக்கும் வீடுகளுக்குக் கம்பி இழுத்தால் கட்டுபடி ஆகாது என்று தனியார் நிறுவனங்கள் ஒதுங்க, விவசாயிகளே சங்கம் சேர்ந்து அரசுக் கடனில் கம்பம் நட்டார்கள். இந்தியாவில் கர்நாடகத்தின் ஹுக்கேரியிலும் தெலங்கானாவின் சிர்சில்லாவிலும் இப்படி மின் கூட்டுறவுகள் உண்டு. எவ்வளவு பெரிய வீடாக இருந்தாலும் ஓட்டு ஒன்றுதான், உபரி வந்தால் அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்பத் திரும்பும் என்ற விதிகள் 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்கள் ஆரம்பித்த கடையிலிருந்து வருபவை.

சரி, செயலிக்கு வருகிறேன். மாத பில்லில் ஒரே ஒரு மொத்த எண் இருக்கும். அதை வைத்துக்கொண்டு வீட்டில் யாரையும் எதையும் கேட்க முடியாது. செயலியின் வரைபடத்தில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு கம்பம் நிற்கிறது; அந்த மணியில் எத்தனை யூனிட் ஓடியதோ அந்த அளவுக்கு உயரம். நான் முதலில் பார்ப்பது சாயங்கால உயரத்தை அல்ல, இரவு மூன்று மணியை. எல்லாரும் தூங்குகிற நேரம், விளக்கு இல்லை, டிவி இல்லை. அப்போதும் எங்கள் வீடு மணிக்கு 0.29 யூனிட் இழுத்துக்கொண்டிருந்தது. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்பதால், அது 290 வாட், இரவும் பகலும், ஊருக்குப் போயிருந்தாலும். இடைவிடாமல் ஓடும் ஒவ்வொரு வாட்டும் ஆண்டுக்கு 8.76 யூனிட் ஆகிறது. அந்த 290-ஐ இதால் பெருக்கிப் பார்த்தால் 2,500 யூனிட்டுக்கு மேல் போகிறது. யாரும் சுவிட்சைத் தொடாமலே செலவாகும் மின்சாரம் அது.

இந்த அடிமட்டச் சுமையைக் குறைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. காரணம், யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஃபேனை நிறுத்து, விளக்கை அணை என்று குழந்தைகளை விரட்ட வேண்டாம். ஒரு தடவை சரிசெய்தால் அது பாட்டுக்கு மிச்சமாகிக்கொண்டே இருக்கும். சிக்கனம் என்றாலே வீட்டில் சண்டை என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

எது அந்த 290-ஐ இழுக்கிறது என்று கண்டுபிடிக்க வாட் மீட்டர். சுவர் பிளக்கில் இதைச் செருகி, இதன்மேல் சாதனத்தின் பிளக்கைச் செருக வேண்டும், அவ்வளவுதான். சங்க அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிவரலாம். டிவி பக்கத்திலிருந்த செட்டாப் பாக்ஸும் ஸ்பீக்கர் பெட்டியும், ரிமோட்டில் அணைத்த பிறகும் சேர்ந்து 32 வாட். மகனின் கேம் பெட்டி, உடனே எழுந்துகொள்ளத் தயாராக இருக்கும் அமைப்பில் 11 வாட். அந்த அமைப்பை மாற்றியதும் ஒரு வாட்டுக்குக் கீழே வந்துவிட்டது. பழைய மேசைக் கணினியும் அதன் யுபிஎஸ்ஸும் 27. கைப்பேசி சார்ஜரைச் சும்மா செருகி வைத்திருந்தால் மீட்டர் பூஜ்யம்தான் காட்டியது. அதனால் சார்ஜரைப் பிடுங்கச் சொல்லி வீட்டில் யாரையும் திட்ட வேண்டாம். புதிய சாதனங்கள் இந்த விஷயத்தில் நிறையவே மேம்பட்டிருக்கின்றன. எந்தச் சாதனமும் காத்திருக்கும்போது ஒரு வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்ற யோசனையை 1990-களின் கடைசியில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் ஆய்வாளர் ஆலன் மேயர் முன்வைத்தார். பன்னாட்டு எரிசக்தி முகமை அதை எடுத்துக்கொண்டது, 2013-லிருந்து ஐரோப்பிய விதி பல சாதனங்களுக்கு அரை வாட்டில் வந்து நிற்கிறது. பழைய பெட்டிகளைத்தான் தேட வேண்டும்.

மீட்டரில் ஒரு எச்சரிக்கை. ஃப்ரிட்ஜ் விட்டுவிட்டு ஓடும்; ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு முடிவுக்கு வரக் கூடாது, ஒரு நாள் முழுக்கச் செருகி வைத்து யூனிட்டைப் பார்க்க வேண்டும். வாட்டர் ஹீட்டர், பெரிய ஏசி, மோட்டார் போன்றவற்றின் கரண்டை இந்தச் சின்ன மீட்டர் தாங்காது. அவற்றுக்கு மெயின் போர்டில் கிளாம்ப் மீட்டர், அதாவது கம்பியைக் கவ்விப் பிடித்துக் கரண்டை அளக்கும் கருவி, வைத்துப் பார்க்க ஆள் வர வேண்டும்.

அந்த ஆள் வந்ததுதான் இந்தச் சேவையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. இளைஞர், கையில் ஒரு வெப்பக் கேமரா, ஒரு கிளாம்ப் மீட்டர், சட்டைப் பையில் நறுக்கிய காகிதத் துண்டுகள். ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது என்று மீட்டரை வைத்து நான் முன்பே சொல்லியிருந்தேன்: கிட்டத்தட்ட இடைவெளியே இல்லாமல் 130 வாட். புது ஃப்ரிட்ஜ் வாங்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுத்தார். மேலே கெட்டியாகப் பிடித்தது. கைப்பிடிப் பக்கமும் பிடித்தது. கீலுக்குக் கீழே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், காகிதம் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது. "அம்மா, இந்த இடத்துல ரப்பரைத் தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டேன். மற்ற இடமெல்லாம் மெத்தென்று இருக்க, அங்கே மட்டும் விறைத்து உள்பக்கம் மடிந்திருந்தது. மடிப்புக்குள் பிசுக்கு கறுப்பாக ஒட்டியிருந்தது. கேமராவில் அந்த மூலை மட்டும் நீலமாகத் தெரிந்தது. குளிர் அந்த வழியாகத்தான் வெளியே போய்க்கொண்டிருந்தது.

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்து, ஹேர் டிரையர் காற்றில் இளக்கி நேராக்கப் பார்த்தார். பாதிதான் சரியானது. புது ரப்பர் போட்டதும் கம்ப்ரசர் ஓடி நின்று ஓட ஆரம்பித்தது, சராசரி 60 வாட்டுக்கு இறங்கிவிட்டது. உள்ளே 4 டிகிரி, ஃப்ரீசரில் மைனஸ் 18. அதற்குக் கீழே குளிர வைப்பதால் பயன் இல்லை, செலவுதான் என்றும் சொல்லிப் போனார். விற்க எதையும் கொண்டுவராத ஒருவர் வீட்டுக்குள் வந்து பார்ப்பது எவ்வளவு நிம்மதி! ஃப்ரிட்ஜில் 70, டிவி அலமாரிக்கு ஒரே சுவிட்ச் பலகை வைத்ததில் 32, கேம் பெட்டியில் ஏறக்குறைய 10, கணினிப் பக்கம் 27. இரவு மூன்று மணிக் கம்பம் இப்போது 0.15-இல் நிற்கிறது. ஆண்டுக்கு 1,200 யூனிட்டுக்கு மேல் மிச்சம்.

வாட்டர் ஹீட்டர் சுவிட்சில்தான் எனக்கு வருத்தம். உச்சநேரத்தில் சங்கம் அங்கிருந்தே சைகை அனுப்பி ஹீட்டரை அணைக்கும். தொட்டியில் ஏற்கெனவே சூடான தண்ணீர் இருப்பதால் நமக்குத் தெரியாது என்பது கணக்கு. இதனால் நம் யூனிட் பெரிதாகக் குறையாது, நேரம்தான் மாறும் என்பதை மாட்டும்போதே தெளிவாகச் சொல்லியிருக்கலாம். பெரிய தொட்டி இருக்கும் வீட்டுக்குச் சரி. எங்கள் தொட்டி சின்னது. சாயங்காலம் கடைசியாகக் குளிக்கப் போகும் மாமனார், "என்னம்மா, தண்ணி வெதுவெதுன்னுதான் வருது" என்று குரல் கொடுப்பார். சுவிட்சைக் கழற்றச் சொன்னேன். கேள்வி கேட்காமல் வந்து கழற்றினார்கள். அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஹீட்டரைப் பற்றி இன்னொன்று. அவர்கள் தரும் கையேட்டில் 49 டிகிரிக்கு இறக்கச் சொல்லியிருக்கிறது. வெந்துபோகாமல் இருக்கவும் மின்சாரம் மிச்சமாகவும் அது நல்லதே. ஆனால் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வெதுவெதுப்பான தேக்கத் தண்ணீரில் வளரும் என்பதால், தொட்டியில் 60 டிகிரி வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வயதானவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் நான் 60-ஐத்தான் எடுப்பேன். குழாயில் சூடு தணிக்கும் கலப்பு வால்வு வைத்துக்கொள்ளலாம். தண்ணீரைக் கொஞ்சமாகப் பயன்படுத்துவது இதைவிடப் பெரிய மிச்சம்: 50 லிட்டரை 30 டிகிரி ஏற்றவே 1.7 யூனிட்டுக்கு மேல் வேண்டும். 9 வாட் எல்இடி விளக்கு ஒன்றை 190 மணி நேரம் எரிக்கலாம் அதில்.

பில்லில் எனக்குள்ள குறை வேறு. மாதாமாதம் நிலைக்கட்டணம் என்று ஒரு தொகை. யூனிட் பாதியாகக் குறைந்தாலும் அது குறையாது. கம்பம், கம்பி, மரக்கிளை வெட்டுவது எல்லாம் யூனிட்டோடு சேர்ந்து ஏறி இறங்குவதில்லை என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒற்றை அறையில் தனியாக வாழும் ஒருவர், இரண்டு ஏசி ஓடும் வீட்டுக்குச் சமமாக அதைக் கட்டுகிறார். அளந்து செலவழிப்பவருக்கு இது சுமை. ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன், குறிப்பில் ஏற்றிக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு வருபவர்கள் மிகக் குறைவு. ஓட்டு நம் கையில் இருந்தும் நாற்காலிகள் காலியாகக் கிடப்பது எனக்கு வேதனை.

மணிவாரிக் கணக்கு மறுநாள்தான் வருகிறது, அது ஒரு குறை. வீட்டில் ஆள் இல்லாத நேரமும் அந்தக் கம்பங்களில் பளிச்சென்று தெரியும் என்பதால், கடவுச்சொல்லைக் கெட்டியாக வையுங்கள். சங்கமும் இந்த விவரத்தை யாருக்குத் தருகிறது, எத்தனை காலம் வைத்திருக்கிறது என்று எழுத்தில் தர வேண்டும்.

அப்புறம், பிளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று விற்கும் 'பவர் சேவர்' டப்பாக்களை வாங்காதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டர், ஒரு பச்சை விளக்கு. வீட்டு மீட்டர் யூனிட்டைத்தான் எண்ணுகிறது; கெப்பாசிட்டர் அந்த யூனிட்டைக் குறைக்காது. அதற்குப் பதிலாகச் சங்கத்தின் வாட் மீட்டருக்குப் பெயர் கொடுத்து வைக்கலாம். வெயில் ஏறி பில் ஏறிய பிறகு எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். அதற்கு முன்பே கேட்டால் சீக்கிரம் கிடைக்கும், வீட்டுச் சோதனைக்கு வருபவருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.