பன்னிரண்டு வோல்ட் ரயிலும் இரண்டு கிலோவாட் ஹீட்டரும்: 11 ஆண்டு அனுபவம்

2022 ஒக்டோபரில் பிரித்தானியாவின் பணவீக்கம் 11.1 விழுக்காட்டைத் தொட்டது. அரசாங்கம் தலையிட்டு விலையைக் கட்டுப்படுத்திய பின்னரும் அதே மாதத்திலிருந்து மின்சாரம் யூனிட்டுக்கு 34 பென்ஸ் ஆனது. லண்டனின் புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டில், அந்த மாதக் கடைசியில், செலவுகளையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தோம். பிள்ளைகளின் நீச்சல் வகுப்புக்கும் ஊருக்கு அனுப்பும் பணத்துக்கும் கீழே, கடைசி வரியில், மனைவி "ரயில்" என்று எழுதியிருந்தார்; பரணில் நான் ஓட்டும் மாதிரி ரயிலைத்தான் சொன்னார். பக்கத்தில் தொகை எதுவும் இல்லை, ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, ஏனெனில் அந்தத் தொகை எனக்கே தெரியாது.

மாதிரி ரயில் எனக்குப் பழக்கமானது 2014இல். யாழ்ப்பாணத்துக்கு 24 ஆண்டுகளாக வராதிருந்த ரயில் அந்த ஒக்டோபரில் திரும்பி வந்தது; அதற்கடுத்த காங்கேசன்துறை வரையான பகுதி 2015 ஜனவரியில் திறக்கப்பட்டது. கொழும்பிலிருந்து வரும் யாழ் தேவி ரயில் மீண்டும் ஊருக்குள் நுழையும் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், டிசெம்பர் விற்பனையில் ஹோர்ன்பி என்ற மாதிரி ரயில் நிறுவனத்தின் தொடக்கப் பெட்டி ஒன்றை வாங்கினேன்: ஒரு சிறிய நீராவி என்ஜின், மூன்று சரக்குப் பெட்டிகள், வட்டமாகப் பொருத்தக்கூடிய தண்டவாளம், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு கொன்ட்ரோலர். மகனுக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன். அவனுக்கு அப்போது ஒன்றரை வயது.

இரண்டு ஆண்டுகளில் அது கூரைப் பரணுக்கு ஏறியது. எட்டு அடிக்கு நான்கு அடிப் பலகை, இரட்டைப் பாதை, நான்கு என்ஜின்கள், இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகள். இரண்டாம் ஆரை எனப்படும் வளைவின் ஆரம் 438 மில்லிமீட்டர். ரயில் முழு வட்டமாக ஓடித் திரும்ப வேண்டுமானால் மூன்று அடிக்குக் குறைந்த அகலம் உதவாது. அதனால்தான் இந்தப் பொழுதுபோக்கில் பலரும் பரணுக்கோ கராஜுக்கோ தோட்டத்துக் கொட்டிலுக்கோ போய்ச் சேருகிறார்கள். அப்படிப் போகிறபோது இடத்துக்கான செலவு யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை. என் கணக்கிலும் அது ஏறியிருக்கவில்லை.

கேள்விக்குறிக்கு விடை தேடி உட்கார்ந்தபோது முதலில் மின்சாரத்தைக் கணக்கிட்டேன். என்னிடம் இருப்பது போன்ற ஓஓ அளவு (உண்மையில் 76இல் ஒரு பங்கு) ரயில் ஒன்று 12 வோல்ட் நேர் மின்னோட்டத்தில் ஓடுகிறது. பழைய மோட்டர் ஒன்று அரை அம்பியர் எடுத்தாலும் அது 6 வாட்டுக்கு மேல் போகாது; மூன்று மணி நேரம் ஓட்டினால் ஒரு பென்னி கூட ஆகாது. ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரை பரணில் கை விறைக்காமல் உட்கார்ந்திருக்க 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்று தேவைப்பட்டது. மூன்று மணி நேரத்துக்கு ஆறு யூனிட், அதாவது 2 பவுண் 4 பென்ஸ். வாரத்தில் நான்கு மாலைகள் என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 35 பவுண். அவ்வளவு காலமும் ரயில் ஓட்டச் செலவழிக்கிறேன் என்று நினைத்திருந்த எனக்கு, கூரையைச் சூடாக்கச் செலவழித்துக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. போதாததற்கு, பரணின் வெப்பமும் குளிரும் தண்டவாளத்துக்கும் பலகைக்கும் ஆகாதவை. கோடையில் தண்டவாளம் நீண்டு, இணைப்புகள் முட்டி, ஒரு வளைவு முழுவதும் பக்கவாட்டில் பிதுங்கியதை இரண்டு முறை சரிசெய்திருக்கிறேன்.

2023இல் வீட்டுக் கடனின் நிலையான வட்டிக் காலமும் முடிந்தது. 2021 டிசெம்பர் நடுப்பகுதி வரை 0.1 விழுக்காடாக இருந்த இங்கிலாந்து வங்கியின் வட்டி வீதம் 2023 ஓகஸ்டில் 5.25 ஆகியிருந்தது; மாதத் தவணை எவ்வளவு ஏறியது என்பதை இங்கே எழுத விருப்பமில்லை. பரணிலிருந்த பலகையைப் பிரித்து, மூன்று என்ஜின்களையும் பெரும்பாலான பெட்டிகளையும் விற்றுவிட்டு, நான்கு அடி நீளமும் ஒரு அடி அகலமும் கொண்ட, பழைய புத்தக அலுமாரியின் தட்டு ஒன்றைச் சாப்பாட்டறை மேசையில் வைத்தேன். இந்தப் பகிர்வின் பெரும்பகுதி அந்தத் தட்டைப் பற்றியதுதான், ஏனெனில் பரணில் கழித்த ஏழு ஆண்டுகளைவிட அதன்மேல் கழித்த காலத்தில்தான் நான் கூடுதலாக ரயில் ஓட்டியிருக்கிறேன்.

அதில் இருக்கும் அமைப்புக்கு இங்கிள்நுக் என்று பெயர். அலன் ரைட் என்ற ஆங்கிலேயர் வகுத்த ஷன்டிங் விளையாட்டு, அதாவது பெட்டிகளை இழுத்தும் தள்ளியும் வரிசைப்படுத்தும் விளையாட்டு அது. ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பொயின்ட்டுகள் இரண்டே இரண்டு, மூன்று பக்கப் பாதைகள். ஒன்றில் ஐந்து பெட்டிகள் நிற்கலாம், மற்ற இரண்டிலும் மும்மூன்று. என்ஜின் முன்னும் பின்னும் போய்வரும் பாதையில் என்ஜினுடன் மூன்று பெட்டிகளுக்கு மட்டுமே இடம். மொத்தம் எட்டுப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதிக் குலுக்கி, ஐந்தை எடுத்து, எடுத்த அதே வரிசையில் ரயிலைக் கோக்க வேண்டும். எட்டிலிருந்து ஐந்தை வரிசை மாறாமல் எடுக்கும் வழிகள் 6,720. ஓர் இரவுக்கு ஒரு வரிசை என்று விளையாடினாலும் 18 ஆண்டுகளுக்குத் தீராது. விதி இவ்வளவு சிறியதாக இருப்பதைப் பார்த்து இது சீக்கிரம் அலுத்துவிடும் என்று நினைத்தேன். உண்மையில் அலுத்துப்போனது பரணில் இருந்த வட்டப் பாதைதான். சுற்றிவரும் ரயிலை வேடிக்கை பார்ப்பதைத் தவிர அங்கே செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இங்கே ஒரு வரிசையை முடிக்க எனக்கு இருபது நிமிடமாகிறது. என் மகள் பன்னிரண்டு நிமிடத்தில் முடிக்கிறாள், அதை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதியும் வைக்கிறாள்.

பெட்டிகளில் ஆறு சீமெந்துச் சாம்பல் நிறத்தில் இருப்பதற்குக் காரணம், கேகேஎஸ் என்று நாங்கள் சொல்லும் காங்கேசன்துறை. சிறுவயதில் சீமெந்துத் தொழிற்சாலைப் பக்கம் பெட்டிகளை இழுத்தும் தள்ளியும் கோக்கும் ஓசை கேட்டு வளர்ந்தவன் நான். ஐந்தடி ஆறங்குலப் பாதையில் ஓடும் ரயிலைத்தான் மனம் ரயில் என்று ஏற்கும். கணக்குப் பார்த்தால் இலங்கையின் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதைக்கு 76இல் ஒரு பங்கு அளவில் 22 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஓஓ தண்டவாளத்தில் இருப்பதோ 16.5. ஆங்கிலேயரின் சொந்தப் பாதைக்கே அது குறைவு, 18.83 இருக்க வேண்டும்; அவர்கள் இந்தப் பிழையோடு பல தலைமுறைகளாக நிம்மதியாக இருக்கிறார்கள் என்பது எனக்கு ஒரு ஆறுதல். இதே தண்டவாளத்தில் 100இல் ஒரு பங்கு அளவில் பெட்டிகளைச் செய்தால் இலங்கைப் பாதை கிட்டத்தட்டச் சரியாக வரும். ஆனால் எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டும், அதற்கு எனக்குப் பொறுமை இல்லை. பனைமரத்திலும் சமரசம்தான். 25 மீட்டர்ப் பனை ஒன்று இந்த அளவில் 33 சென்டிமீட்டர் வரும். நட்டுப் பார்த்தபோது ரயில் காணாமல் போனது. இருபது சென்டிமீட்டருக்கு வெட்டினேன். சென்ற தை மாதம் வந்திருந்த பெரியப்பா நீண்ட நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "வடலியெல்லாம் சரி, இது எங்கட கேகேஎஸ் கோச்சி இல்லையே தம்பி" என்றார். பிரித்தானிய ரயில்வேயின் நீல நிற கிளாஸ் 08 என்ற ஷன்டிங் என்ஜின் நின்ற இடத்தில் அதை மறுக்க முடியவில்லை.

அந்த ஷன்டரைப் பழைய பொருட்சந்தை ஒன்றில் 38 பவுணுக்கு வாங்கினேன். உண்மையான கிளாஸ் 08 என்ஜின்கள் 996 செய்யப்பட்டன, ஆகவே அதன் மாதிரிகளும் பழைய சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆறே சக்கரங்கள் கொண்ட குட்டி என்ஜின் என்பதால் ஒரு குறையும் உண்டு. பொயின்ட்டின் நடுவில் தண்டவாளங்கள் குறுக்கிடும் முனை பிளாஸ்டிக்காக இருந்தால் அந்த இடத்தில் மின்சாரம் கிடைக்காமல் என்ஜின் நின்றுவிடும். விரலால் தள்ளிவிட வேண்டும். ஷன்டிங்கில் அது ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நடந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். எனவே பெட்டிகளையும் என்ஜினையும் பழையதாக வாங்கினாலும், முனையிலும் மின்சாரம் பாயும், பீக்கோ நிறுவனத்தின் பொயின்ட்டுகள் இரண்டைப் புதிதாகவே வாங்கினேன். அவை மூன்று ஆண்டுகளாக ஒரு முறை கூடத் தகராறு செய்யவில்லை. தண்டவாளத்தைத் தேய்த்துச் சுத்தப்படுத்தும் ரப்பர் கட்டியை நான் இப்போது தொடுவதில்லை. அது நுண்ணிய கீறல்களை உண்டாக்கி, அழுக்கு மேலும் எளிதாகப் படிய இடம் கொடுக்கிறது. ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த துணி போதும்.

விற்காமல் வைத்துக்கொண்ட ஒரே பெரிய என்ஜின், 1980களில் இத்தாலியில் செய்யப்பட்ட, கிளாஸ் 37 என்ற டீசல் என்ஜினின் மாதிரி. இன்று அதே என்ஜினின் புதிய மாதிரி ஒலி வசதியோடு வேண்டுமென்றால் 300 பவுணை நெருங்க வேண்டியிருக்கிறது. இதற்கு நான் கொடுத்தது 20. மேற்கூடு அழகாகத்தான் இருக்கிறது, உள்ளே இருந்த தட்டையான மோட்டர் மட்டும் காப்பி அரைக்கும் இயந்திரம் போல இரைந்தது. அதைக் கழற்றிவிட்டு, குப்பைக்குப் போகவிருந்த கணினியின் சீடீ டிரைவிலிருந்து எடுத்த சிறு மோட்டரைப் பொருத்துவது இங்கே பலர் செய்யும் வேலை. முதல் முறை நான் அவசரப்பட்டேன். அந்த மோட்டர்கள் 12 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. கொன்ட்ரோலரை முழுதாகத் திருப்பியதும் நாலைந்து சுற்றில் புகை வந்தது. இரண்டாவதில் மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்த பின்னர் அது பூனை நடப்பது போல நகர்கிறது. வேலைக்கு ஆன செலவு, பற்றாசு ஈயத்தையும் சேர்த்து, 3 பவுணுக்கும் குறைவு. ஆனால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. மலிவு என்று இதைப் பரிந்துரைக்கும் எவரும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பழையதை வாங்குவதில் நான் ஏமாந்ததும் உண்டு. "ஓடிப் பார்க்கப்பட்டது" என்ற குறிப்போடு வாங்கிய ஒரு டீசல் என்ஜினின் உலோக அடிப்பாகம், ஆறு மாதத்தில் பிஸ்கட் போல வெடித்து உதிர்ந்தது. துத்தநாகக் கலவையில் வார்க்கும்போது ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால் காலப்போக்கில் அது உள்ளிருந்தே வீங்கிச் சிதையும். இதற்கு மருந்து கிடையாது. அன்றிலிருந்து, அடிப்பாகம் வளைந்திருக்கிறதா, நுண்ணிய வெடிப்பு இருக்கிறதா என்று கையில் வைத்துப் பார்க்க முடியாத எதற்கும் 15 பவுணுக்கு மேல் கொடுப்பதில்லை. கையில் வைத்துப் பார்க்கும் இடங்களும் குறைந்து வருகின்றன. 1946இல் தொடங்கிய ஹாட்டன்ஸ் கடை 2024 ஜனவரியில் தன் வியாபாரத்தை நிறுத்துவதாக அறிவித்தது. பழைய மாதிரிகளைப் பெருமளவில் வாங்கி, சோதித்து விற்ற இடங்களில் அதுவும் ஒன்று. எங்கள் பகுதிக் கழகத்தின் ஆண்டு விற்பனை நாள் எனக்கு இன்னும் கைகொடுக்கிறது. அங்கே மதியம் இரண்டு மணிக்குப் பிறகு போவது நல்லது. விற்கக் கொண்டுவந்ததைத் திருப்பி ஏற்றிச் செல்ல யாருக்கும் மனமிருக்காது.

காட்சியமைப்புக்கு நான் கடைப் பொருள் எதுவும் வாங்குவதில்லை. தேநீர்ச் சக்கையை அவணில் உலர்த்தினால் நல்ல செம்மண் நிலம் கிடைக்கிறது. முழுதாக உலராவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும், அதையும் கண்டிருக்கிறேன். தொழிற்சாலைச் சுவர்கள் காலையுணவுப் பெட்டியின் அட்டை. பெட்டிகளின் கொளுவிகளைக் கழற்றும் கருவி, சமையலறையிலிருந்து எடுத்த மூங்கில் குச்சி. கணினிவழிக் கட்டுப்பாட்டைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் உண்டு. டீசீசீ-ஈஎக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை ஒன்றில் ஏற்றி மலிவாகச் செய்யலாம்தான். ஒற்றை என்ஜின் ஓடும் நான்கடித் தட்டுக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

2023 முதல் மாதம் 10 பவுண் என்று வைத்திருக்கிறோம். செலவழியாத மாதத்தின் பணம் அடுத்த மாதத்துக்குச் சேரும். இந்த ஆண்டு இதுவரை 61 பவுண் செலவாகியிருக்கிறது. அதில் பாதி, வீட்டுக்கு வந்த ஒரு சிறு விருந்தாளி கீழே போட்டு உடைத்த கொன்ட்ரோலருக்குப் பதிலாக வாங்கியது. எழுந்து பரணுக்கு ஏற வேண்டியதில்லை என்பதால், சோறு வேகும் நேரத்திலும் ஒரு வரிசையை ஓட்ட முடிகிறது. சாப்பிடும் நேரத்துக்குத் தட்டைத் தூக்கிச் சுவரோரம் நிறுத்த வேண்டியிருப்பது மட்டும் தினமும் இருக்கும் தொல்லை. தூக்கும்போது பெட்டிகள் எல்லாவற்றையும் எடுத்து அடுக்க வேண்டும், ஏதாவது ஒன்று எப்போதும் சோபாவுக்கு அடியில் போகும்.

எட்டாவது பெட்டி இப்போதைக்கு ஆட்டத்தில் இல்லை. அதன் கொளுவி ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது, இரண்டாவது பொயின்ட்டில் பின்னோக்கித் தள்ளும்போதெல்லாம் தடம் புரள்கிறது. விளையாட்டுச் சீட்டு ஒன்றின் மூலையை வெட்டி அதற்கு அணை கொடுத்துப் பார்க்க வேண்டும். ஏழு பெட்டிகளோடு விளையாடினால் நேரக் கணக்கு செல்லாது என்று சொல்லி, மகள் கொப்பியில் இந்த வாரத்தை வெறுமையாக விட்டிருக்கிறாள்.