குவியலா, மூட்டையா, குளிர்பதனமா: ஓசூர், தளி உருளைக்கிழங்குக்கு எது ஏற்றது?

தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் உருளை எடுத்ததுமே, விலை ஏறும்வரை எங்கே வைப்பது என்ற கவலை வந்துவிடும். எங்கே வைத்தாலும் முதலில் தோல் இறுகியிருக்க வேண்டும். எடுப்புக்கு 10–14 நாள் முன்பே தண்ணீரை நிறுத்தி, செடியை அறுத்துவிடுங்கள். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் தோல் உரிகிறதா? அந்தக் கிழங்கு எந்த முறைக்கும் ஆகாது. எடுத்ததைக் கழுவாமல் 10–15 நாள் நிழலில் வைத்தால் சிராய்ப்பு ஆறிவிடும். மண்வெட்டி பட்டதை உடனே விற்றுவிட வேண்டும்.

50 கிலோ மூட்டையாகக் கட்டி அறையில் அடுக்கினால் இடம் மிச்சம், அவ்வளவுதான். மூன்றில் மோசமானது இதுவே. கிழங்கு மூச்சுவிடும்போது வரும் சூடும் ஈரமும் வெளியேற வழியில்லை. நடுமூட்டையில் ஒன்று அழுகி நீர்விட்டால் அடியில் இருப்பதெல்லாம் கூழாகும். வெளியே நன்றாக இருக்கும் கிழங்கை வெட்டினால் நடுவில் கறுத்திருக்கும். சூட்டில் காற்றுப் போதாததால் வருவது அது.

குவியலுக்குச் செலவு குறைவு, கவனம் அதிகம். தண்ணீர் தேங்காத மேட்டில், கொட்டகை நிழலில், 1 மீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் குவியுங்கள். நடுவில் துளையிட்ட பி.வி.சி. குழாயை நிமிர்த்தி வைத்தால் சூடு மேலே போய்விடும். மேலே ஒரு சாண் கனத்துக்கு வைக்கோலோ காய்ந்த ராகித் தாளோ போடுங்கள். வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சையாகி, சொலனின் என்ற நச்சு கூடும். கிழங்கில் முளை வரும் கண்ணின் ஓரத்தில் கறுப்புத் துகளாக எச்சம் தெரிந்தால் அந்துப்பூச்சிப் புழு உள்ளே புகுந்துவிட்டது. அது வராமலிருக்க, உலர்ந்த நொச்சி அல்லது உண்ணிச்செடி இலையைக் கிழங்குக்கு அடியிலும் மேலும் 2–3 செ.மீ. பரப்ப வேண்டும். வாரம் ஒருமுறை அழுகலைப் பொறுக்கி எடுங்கள். தை, மாசியில் எடுத்த கிழங்கு ஓசூர் மேட்டுப் பகுதியின் இரவுக் குளிரில் 6–8 வாரம் நிற்கும். வெயில் கடுமையான தர்மபுரிப் பக்கம் ஒரு மாதத்துக்கு மேல் நம்ப வேண்டாம். மழையில் எடுத்ததைக் குவிக்கவே கூடாது.

அதற்கும் மேல் வைக்கக் குளிர்பதனக் கிடங்குதான். 2–4 டிகிரி, 90–95 சதவீத ஈரப்பதம் இருந்தால் ஆறு மாதம் தாங்கும். விதைக்கிழங்குக்கு வேறு வழி தேட வேண்டாம். ஆனால் அந்தக் குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாகும். குழம்பில் தித்திக்கும், சிப்ஸ் கறுத்துப்போகும். சிப்ஸுக்குப் போவதை 10–12 டிகிரி அறையில் வைக்கச் சொல்லுங்கள். அங்கே முளையடக்கும் மருந்து அடிப்பார்கள். விதை மூட்டை அந்த அறைக்குள் போகவே கூடாது. வெளியே எடுத்ததும் கிழங்கு வியர்க்கும். மின்விசிறிக் காற்றில் பரப்பி, ஈரம் காய்ந்த பிறகே லாரியில் ஏற்றுங்கள்.